ஊஞ்சல் ஆடுகிறது, ஆளைக் காணோம்: செட்டிநாட்டு வீட்டில் மறையும் தந்திரம்

காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியில், இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு குறும்படம் எடுத்தோம். கையில் இருந்தது ஒரு செல்போன், ஒரு ட்ரைபாட், கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு மைக். காட்சி இதுதான். வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறார். பேத்தி காபி டம்ளரோடு வருகிறாள். டம்ளரைப் பார்த்து நடந்தவள் நிமிர்வதற்குள் பெரியவர் இல்லை. ஊஞ்சல் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் எடுத்தது தேறவில்லை. பெரியவர் மறைந்த அதே நொடியில் பின்சுவர் பளிச்சென்று வெளுத்தது. தரையில் விழுந்திருந்த வெயில் ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. ஊஞ்சல் ஒரு குலுக்கலோடு இடம் மாறியது. போட்டுக் காட்டியபோது யாரும் பெரியவரைப் பற்றிப் பேசவே இல்லை. சுவரையும் வெயிலையும் பற்றித்தான் பேசினார்கள். ஆள் மறையும் தந்திரத்தில் மறைகிறவருக்கு அதிக வேலை கிடையாது, எழுந்து போனால் போதும். அவரைச் சுற்றி இருப்பது எதுவும் அசையாமல், நிறம் மாறாமல், வெளிச்சம் மாறாமல் நிற்க வேண்டும். பாடு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

தந்திரத்தின் வயது ஏறக்குறைய சினிமாவின் வயதுதான். 1895-ல் எடிசன் கம்பெனி எடுத்த, ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டும் சின்னப் படத்தில், நடிகர் குனிந்ததும் கேமராவை நிறுத்தி, அவர் இடத்தில் ஒரு பொம்மையை வைத்து, மறுபடி ஓட்டினார்கள். மறு வருடமே பாரிஸில் மேடை வித்தைக்காரராக இருந்த ஜார்ஜ் மெலியே, நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண்ணைத் துணியால் மூடி மறைய வைத்தார். மேடையில் இதே வித்தையைச் செய்யத் தரையில் ரகசியக் கதவு வேண்டும். கேமரா முன்னால் அது தேவைப்படவில்லை. பாரிஸ் தெருவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கேமரா சிக்கி நின்றதாகவும், அது மறுபடி ஓடியபோது பஸ் நின்ற இடத்தில் சவ வண்டி வந்திருந்ததாகவும், அதிலிருந்துதான் தனக்கு இந்த யோசனை வந்ததாகவும் மெலியே பின்னாளில் சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கதையை அவ்வளவாக நம்புவதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. மெலியேயின் படச்சுருள்களைக் கையில் எடுத்து ஆராய்ந்தவர்கள், ஆள் மறையும் இடங்களில் எல்லாம் பிலிமை வெட்டி ஒட்டிய தடத்தைக் கண்டார்கள். கேமராவை நிறுத்தியதோடு அவர் விட்டுவிடவில்லை. கையால் சுற்றும் கேமரா நின்று கிளம்பும்போது வேகம் குறைந்து, அந்த ஓரிரு பிரேம்களில் வெளிச்சம் அதிகமாகப் பதியும். நடிகரும் துல்லியமாக உறைந்திருக்க மாட்டார். அதையெல்லாம் மேஜையில் உட்கார்ந்து நறுக்கி எடுத்துவிட்டுத்தான் சேர்த்தார்.

ஆகவே புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கேமராவை நிறுத்தாதீர்கள். ‘கட்’ சொல்லி நிறுத்தி, ஆள் போன பிறகு மறுபடி சிவப்புப் பொத்தானைத் தொட்டால் போன் ஒரு இம்மி நகரும். அந்த இம்மி திரையில் ஒரு துள்ளலாகத் தெரியும். நடிகர் இருப்பது, அவர் எழுந்து போவது, காலி இடம் ஒரு நிமிடம், எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதியட்டும். நடுவில் வேண்டாததை எடிட்டிங்கில் எடுத்துக்கொள்ளலாம். மெமரி கார்டில் இடம் போனால் போகிறது.

சுவர் ஏன் வெளுத்தது என்பதற்கு வருகிறேன். செல்போன் கேமரா பிரேமில் உள்ள மொத்த வெளிச்சத்தைப் பார்த்து, எவ்வளவு ஒளியை உள்ளே விடலாம் என்று தானாகவே தீர்மானிக்கிறது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தால், காட்சி ரொம்ப வெளிச்சமாக இருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் இருட்டாக்கும். அவர் எழுந்து போனதும் பின்னால் இருக்கிற கறுத்த தேக்குக் கதவு மட்டும் மிஞ்சும். உடனே ஒளியைக் கூட்டும், சுவர் வெளுக்கும். போக்கஸும் அப்படியே ஆளைத் தேடி அலைந்து, கிடைக்காமல் சுவரில் போய் நிற்கும். நிறமும் லேசாக மஞ்சளுக்கு ஓடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியையும் போக்கஸையும் பூட்டும் வசதி இப்போது பெரும்பாலான போன்களில் உண்டு. நிறச் சமநிலையையும் சேர்த்துக் கையால் வைக்க, ஓப்பன் கேமரா, பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப்கள் இருக்கின்றன. ட்ரைபாடில் வைத்த பிறகு ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட வேண்டும். கை நடுக்கத்தைச் சரிக்கட்ட வந்த அந்த வசதி, நடுக்கமே இல்லாத இடத்திலும் பிரேமை மெல்ல மிதக்க வைக்கும். ஏரோபிளேன் மோடில் போடுவதையும் மறக்கக் கூடாது. வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டு அறைகளில் ட்யூப்லைட் இருந்தால் ஷட்டர் வேகத்தை 50-ல் ஒரு பங்கு நொடியில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதில் சிமிட்டல் வராது.

ட்ரைபாடின் கால் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல், அதாவது இந்த வீடுகளின் தரையில் பதித்த பூப்போட்ட சிமென்ட் கல், வழுக்கும். கால்களுக்கு அடியில் தேங்காய் நார் மிதியடியைத் துண்டாக வெட்டிப் போட்டு, நடுவில் பாதி மணல் நிரப்பிய சிமென்ட் பையைத் தொங்கவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும்.

அடுத்தது வெயில். செட்டிநாட்டு வளவின் அழகே நடுவில் வானம் பார்த்துக் கிடக்கும் முற்றம்தான். மறையும் தந்திரத்துக்கு முதல் எதிரியும் அதுதான். தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்பு தரையில் கத்தியால் கீறியதுபோல ஒரு நிழல் கோடு போடும். சூரியன் வானத்தில் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி நகர்கிறது. விளிம்பு 12 அடி உயரத்தில் இருந்து, சூரியன் காலையில் பாதி வானம் ஏறியிருந்தால், அந்த நிழல் கோடு நிமிடத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நகரும். பெரியவரை எழுப்பி, கை கொடுத்து இறக்கி, அவர் உள்திண்ணையான பட்டாலைப் பக்கம் போய் உட்கார்ந்து, ஊஞ்சலைச் சரிசெய்ய 8 நிமிடம் ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கோடு ஒரு சாண் தாண்டிவிடும். எங்கள் முதல் நாள் கதை அப்படியே இதுதான்.

உச்சி வெயிலில் இதே கோடு பாதி வேகத்தில்தான் நகரும். காரைக்குடி வட்டாரத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது முற்றத்தின் ஓரத்தில் நிழல் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே நிற்கும். ஆனால் அந்த வெளிச்சத்தில் முகத்தில் கண் குழி கறுத்துவிடும் என்பதால் நான் அதை விரும்புவதில்லை. வெயில் முற்றத்தை விட்டு ஏறிப் போன பிறகு, சாயங்காலம் 4 மணி வாக்கில், வளவு முழுக்க நிழலாகவும் வானத்து வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதாகவும் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் அப்போது ஒரு பெரிய ரிப்ளெக்டர் மாதிரி வேலை செய்கிறது. இரண்டாம் நாள் அந்த நேரத்தைத்தான் பிடித்தோம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி இரண்டு நாளும் எங்களோடு இருந்தார். அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் கூடுவார்கள். சுவரில் டேப் ஒட்டக் கூடாது என்பது ஆச்சி முதலிலேயே போட்ட ஒரே கட்டளை. ஒட்டிப் பிய்த்தால் நூறு வருடத்துப் பூச்சு பட்டையாகக் கழன்று வரும், மறுபடி அப்படிப் பூச ஆள் கிடைப்பது கஷ்டம். நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்துக்கு நாங்கள் எந்த அடையாளமும் வைக்கவில்லை. தரையே அளவுகோலாக இருந்தது. “தூணிலிருந்து மூணாவது பூவில் வலது கால்” என்றால் பேத்தியாக நடித்த பெண் ஒவ்வொரு தடவையும் அதே பூவில் கால் வைத்தாள்.

அந்தத் தரையே எங்களை மாட்டியும் விட்டது. இரண்டாம் நாள் எடுத்ததை லேப்டாப்பில் சேர்த்து, இந்தத் தடவை சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷமாக ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர் திரையின் அடிப்பக்கத்தைத் தொட்டார். “தரையில பாருங்க தம்பி, அவுக வேட்டி இன்னும் தெரியுதே” என்றார். தெரிந்தது. ஊஞ்சல் காலி. கீழே கல்லின் பளபளப்பில் மங்கலாக ஒரு வெள்ளை அசைந்துகொண்டிருந்தது. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிப் பலகையின் மேல் நிறக் கலவையை ஊற்றித்தான் வார்க்கிறார்கள். அதனால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரியே வருகிறது, வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்து இன்னும் ஏறுகிறது. நான் ஆளை மட்டும் அழித்திருந்தேன், ஆளின் பிம்பத்தை விட்டிருந்தேன். செட்டிநாட்டு வீட்டில் இப்படி ஒளிந்திருக்கும் பிம்பங்கள் ஏராளம்: பெல்ஜியம் கண்ணாடி, இழைத்த கருங்கல் தூண், பித்தளை அண்டா, சட்டம் போட்ட முன்னோர் படங்கள். ஆள் இருக்கும்போதே ஒரு தடவை பிரேம் முழுக்க நிதானமாகப் பார்த்து, அவர் எங்கெல்லாம் இரண்டாவது தடவை தெரிகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நான் இதைத் தவறவிட்டதில்லை.

‘அழித்திருந்தேன்’ என்றேனே, அது எப்படி என்று சொல்ல வேண்டும். காட்சியில் ஒரே ஆள் இருந்தால் வெட்டி ஒட்டினால் போதும். பேத்தியும் பிரேமில் இருக்கிறாளே? பெரியவர் எழுந்து போகும் வரை அவளைச் சிலை மாதிரி நிற்கச் சொல்லலாம். பழைய புராணப் படங்களில் அப்படித்தான் மற்றவர்கள் உறைந்து நிற்பார்கள், உற்றுப் பார்த்தால் ஒருவருடைய சேலைத் தலைப்பாவது துள்ளுவது தெரியும். இன்று அதற்குத் தேவையில்லை. பேத்தி இருக்கும் பக்கத்தை ஒரே டேக்கிலிருந்தும், ஊஞ்சல் இருக்கும் பக்கத்தை மட்டும் இரண்டு டேக்கிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் பிரிக்க ஒரு கோடு வேண்டும், அந்தக் கோட்டை யாரும் தாண்டக் கூடாது. வளவைச் சுற்றி வரிசையாகத் தூண்கள் நிற்கும்போது கோட்டுக்குப் பஞ்சமே இல்லை. தூணின் நேர் விளிம்பில் மாஸ்க் போட்டால், அதாவது ஒரு டேக்கின் ஒரு பக்கத்தை மறைத்து அங்கே மற்ற டேக்கைக் காட்டினால், எந்தக் கண்ணுக்கும் இணைப்புத் தெரியாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்யலாம்.

இது நம் சினிமாவுக்குப் பழகிய வித்தைதான். இரட்டை வேடத்துக்கு லென்ஸின் பாதியை மறைத்து ஒரு தடவை, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறு பாதியை மறைத்து இன்னொரு தடவை என்று எடுத்ததைத்தான் மாஸ்க் ஷாட் என்றார்கள். புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா 1940-லேயே ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடத்தில் வந்துவிட்டார். காரைக்குடியும் இதற்கெல்லாம் புதிய ஊர் இல்லை. ஏ.வி.எம். நிறுவனர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன் காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ வைத்திருந்தார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. அந்தக் காலத்தில் கோடு ஒரு நூல் விலகினால் லேபிலிருந்து பிலிம் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். நமக்கு அடுத்த நொடியே தெரிகிறது.

தூணை இன்னும் நேரடியாகவும் பயன்படுத்தலாம். ஒருவர் தூணுக்குப் பின்னால் போகிறார், மறுபக்கம் வெளியே வரவில்லை. தூணுக்கு இடது புறம் அவர் நடந்த டேக், வலது புறம் காலி டேக், நடுவில் தூணின் விளிம்பு. இவ்வளவுதான். மறையும் தந்திரங்களில் இதைவிடச் சுலபமும் அழகும் ஆனது எனக்குத் தெரிந்து இல்லை. ஆளைப் பார்வையாளர் கண் முன்னால் அழிப்பதைவிட, வருவார் வருவார் என்று எதிர்பார்க்க வைத்து வராமல் விடுவது மனசை அதிகமாக உலுக்குகிறது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் அடுத்தடுத்து இருக்கும் வீடு இது என்பதால், கதவுகளிலும் இதையே செய்யலாம். முதல் நிலைவாசலைத் தாண்டுகிறார், இரண்டாவதைத் தாண்டுகிறார், மூன்றாவது நிலை காலியாகவே நிற்கிறது.

இனி ஊஞ்சல். இதில்தான் ஒரு முழுச் சாயங்காலம் போனது. சங்கிலி 10 அடி நீளம் என்றால், ஊஞ்சல் ஒரு தடவை போய்வர ஏறக்குறைய 3.5 நொடி ஆகும். பெண்டுலத்துக்கு எடை கணக்கில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆகவே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தாளத்தில் ஆடும் என்று நம்பிப் போனேன். உண்மையில் சின்ன வித்தியாசம் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் எடையின் மையம் பலகைக்கு ஒரு சாண் மேலே ஏறிவிடும், சங்கிலி அந்த அளவு குட்டையானது போல. அதனால் ஆள் இருக்கும் ஊஞ்சல் கொஞ்சம் விரைவாகவும் காலி ஊஞ்சல் கொஞ்சம் நிதானமாகவும் ஆடுகிறது. ஒரு ஆட்டத்துக்கு மூன்று நான்கு பிரேம் வித்தியாசம். இரண்டு டேக்கையும் முழுக்கப் பொருத்த முயன்றால் பைத்தியம் பிடிக்கும். வெட்டும் அந்த ஒரு பிரேமில் பொருந்தினால் போதும், அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை.

எந்தப் பிரேமில் வெட்டுவது? ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்கிறதே, அங்கே. நடுவில் வேகமாகப் போகும்போது வெட்டினால் ஓர் அங்குல வித்தியாசமும் குலுக்கலாகத் தெரியும். உச்சியில் பலகை நிற்பதால் இரண்டு மூன்று பிரேம் முன்பின் ஆனாலும் கண் மன்னித்துவிடும். காலி ஊஞ்சலை அதே உச்சிக்குக் கொண்டுபோவது எப்படி என்பது அடுத்த கேள்வி. முதலில் கையால் தள்ளினோம். பலகை கோணிக்கொண்டு பக்கவாட்டில் ஆடியது. பிறகு தேவைக்கு மேல் உயரமாக இழுத்துப் பிடித்து, நேராக விட்டுவிட்டு, யாரும் தொடாமல் ஒதுங்கினோம். ஊஞ்சல் தானாகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வரும். அப்படி அடங்கும் வழியில் ஏதாவது ஓர் ஆட்டத்தின் உச்சி, பெரியவர் ஆடிய உச்சியோடு அச்சாகப் பொருந்தும். எங்களுக்குப் பதினொன்றாவது ஆட்டம் பொருந்தியது. பின்னால் நின்ற தூணின் தலைப்பகுதியான போதிகையும் பலகையின் விளிம்பும் ஒட்டும் புள்ளிதான் எங்கள் அடையாளம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலி டேக்கின் மேல் ஆள் இருக்கும் டேக்கை வைத்து மெல்லக் கரைத்தால் ஆவி மறைவது போல வரும். பார்த்துப் பார்த்துப் புளித்த உத்தி, நினைவு மங்குவதைக் காட்ட மட்டும் நான் வைத்துக்கொள்வேன். கேமராவைச் சட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பி, அந்தக் கலங்கலில் வெட்டித் திரும்புவது சண்டைக் காட்சிக்கும் பேய்ப் படத்துக்கும் சரி. வெட்டே இல்லாமலும் செய்யலாம்: கேமரா பெரியவரை விட்டு மெதுவாகப் பேத்தியின் முகத்துக்குப் போகிறது, அவள் முகத்தில் 5 நொடி நிற்கிறது, திரும்பி வரும்போது ஊஞ்சல் காலி. பெரியவர் அந்த 5 நொடியில் வெறுங்காலோடு பக்கத்து அறைக்குள் போயிருப்பார். ஆத்தங்குடித் தரையில் வெறுங்காலுக்குச் சத்தமே வராது. இளம் நடிகர் என்றால் நான் எப்போதும் இதைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன். எழுபது வயதுக்காரரை ஓடச் சொல்ல மனசு வரவில்லை.

ஒரு கண்ணாடிச் சட்டமும் இருட்டறையும் கிடைத்தால் சினிமாவுக்கும் முந்திய வித்தை ஒன்று இருக்கிறது. 1862-ல் லண்டன் மேடையில் பெப்பர் என்பவர் காட்டியது. ஊடுருவித் தெரியும் பெரிய கண்ணாடிப் பலகையைச் சாய்கோணத்தில் நிறுத்தி, பார்வையாளருக்குத் தெரியாத மூலையில் நிற்பவர் மேல் விளக்கு போட்டால் அவர் மேடை நடுவில் தெரிவார். விளக்கைக் குறைத்தால் கரைந்து போவார். கேமராவில் நேரடியாகவே எடுத்துவிடலாம், எடிட்டிங் தேவையில்லை.

கடைசியாகச் சத்தம். படத்தை வெட்டும் இடத்தில் சத்தத்தையும் சேர்த்து வெட்டினால் பாதி உழைப்பு வீண். வளவில் சத்தம் ஓய்வதே இல்லை. குருவி, தெருவில் பால்காரர் மணி, பின்கட்டில் பாத்திரம். ‘க்’ என்று ஒரு குருவிக் குரல் நடுவில் அறுந்தால், கண் பார்க்கத் தவறியதைக் காது பிடித்துவிடும். அதனால் எல்லாம் முடிந்த பிறகு அனைவரையும் அமைதியாக உட்காரச் சொல்லி, வீட்டின் சத்தத்தை மட்டும் இரண்டு நிமிடம் பதிவு செய்து, காட்சி முழுக்க அடியில் ஓட விடுவோம்.

சங்கிலிச் சத்தம்தான் எடிட்டிங்கில் கடைசிவரை இழுத்தது. ஆள் உட்கார்ந்த ஊஞ்சலின் இரும்பு வளையம் பாரத்தோடு கனமாக முனகும். காலி ஊஞ்சல் லேசாகக் கிணுகிணுக்கும். படத்துக்குப் பொருத்தமாகக் காலிச் சத்தத்தைத்தான் முதலில் வைத்தேன். சரியாக இருந்தது, ஆனால் ஒன்றும் செய்யவில்லை. பிறகு, பெரியவர் மறைந்த பின்னும் இரண்டு ஆட்டத்துக்குப் பழைய கனத்த முனகலையே விட்டு, மூன்றாவதில்தான் கிணுகிணுப்புக்கு மாற்றினேன். போட்டுக் காட்டியபோது ஆச்சி திரையைப் பார்த்தபடியே, “இன்னும் உக்காந்துதான் இருக்காக போல” என்றார்.